குணசுந்தரி நர்ஸின் இடது காது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் ரங்கசாமி என்றால் ஆரணியில் தெரியாதவர் கிடையாது. சைக்கிள் ரிக்‌ஷா மிதித்து, ஆட்டோ ஓட்டி, பிறகு சொந்தக் காசில் ஆம்னி வேன் வாங்கி ஆஸ்பத்திரி சவாரிக்கு விட்டேன். வேலூருக்கு நான் ஏற்றிப்போன உயிர் ஒன்றுகூட என் வண்டிக்குள் பிரிந்ததில்லை. அப்படிப்பட்டவன் சாட்சி சொல்லியும் ஒரு வழக்கு தோற்றது. அது குணசுந்தரியின் வழக்கு.

குணசுந்தரி களம்பூர்ப் பெண். அம்மா அரிசி மில் களத்தில் நெல் காயவைத்தே அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். எங்கள் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரியின் பேர் இங்கே வேண்டாம். ஆள் குள்ளம், குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். “வண்டிய கதவ மறைச்சி வுடாதீங்கண்ணா!” என்று என்னையே அதட்டுவாள். என்னை அதட்டிவிட்டு அந்த ஆஸ்பத்திரியில் தப்பித்த ஆள் அவள் ஒருத்திதான்.

தொண்ணூற்றெட்டு, ஆடி மாதம், மத்தியான வெயில். ஜெயவேல் என்று ஒருவன், பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறைக்கு முதலாளி. பி.காம். படித்தவன். அவனுடைய தம்பி வெற்றிச்செல்வன் தாகத்தில், பட்டறை மூலையில் இருந்த கலர் சோடா பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டான். அதில் இருந்தது சாயத்துக்கு ஊற்றும் ஆசிட். என் வண்டியில்தான் தூக்கிப் போட்டார்கள்.

விஷம் குடித்தவனுக்கு சோப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானே எத்தனையோ பேருக்கு ஊற்றியிருக்கிறேன். ஜெயவேலும் ஒரு சொம்பு நிறையக் கரைத்து எடுத்து வந்து, அவசரப் பிரிவுக் கட்டிலில் வைத்தே தம்பி வாயைத் திறந்தான். குணசுந்தரி ஓடிவந்து சொம்பைத் தட்டிவிட்டாள்.

“ஊத்தாதீங்க சார்! ஆசிட்டு இது. போகும்போதே தொண்டைய வேகவெச்சிடுச்சி. வாந்தியா வந்தா இன்னொரு தபா வேவும்.”

“என் தம்பி செத்துகினு இருக்கான், நீ சொம்ப தட்டி வுடுறியா? டாக்டர் எங்கடி?”

“வந்துகினு இருக்காரு. கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

“என்னயா வெளிய நிக்கச் சொல்ற? உனக்கு சம்பளமே எங்க காசுல!”

வாசலில் இருந்த நான் ஓடிவந்து பிடிப்பதற்குள் அறைந்துவிட்டான். இடது காதோடு சேர்த்து விழுந்த அறை. ஆக்சிஜன் சிலிண்டரில் மோதிக் கீழே போனாள். அவளே எழுந்தாள். காதிலிருந்து ரத்தம் காலரில் இறங்க, வெற்றிச்செல்வனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவன் தாடையைப் பிடித்தபடி நின்றாள். பெரிய டாக்டர் வந்து, தரையில் உருண்ட சொம்பைப் பார்த்து, “ஊத்தலயே? நல்லதாச்சு” என்றார். நான் அவனை வேலூரில் சேர்த்தேன். பிழைத்துக்கொண்டான்.

அவள் காது பிழைக்கவில்லை. ஜவ்வு கிழிந்தது, நரம்பும் போயிற்று, இனி வராது என்று வேலூரில் சொன்னார்கள். பி.பி. பார்க்கும் குழாயை இரண்டு காதிலும்தான் மாட்டுவாள். துடிப்பு ஒரு காதில்தான் கேட்கும்.

போலீஸில் எழுதிக் கொடுத்தாள். உடனே ஸ்டேஷனுக்குத் தட்டு வந்துவிட்டது. இந்த ஊரில் எந்தச் சண்டைக்கும் தட்டுதான் முடிவு. வெற்றிலை பாக்கு, பழம், மேலே ஒரு பட்டுப் புடவை. ஜெயவேலின் மாமா சின்னப்பையன் அதைப் பல்லைக் காட்டிக்கொண்டு நீட்டினார்.

“வாங்கிக்கம்மா. மாம்பழக் கலரு, நம்ம பட்டற நூலு. கல்யாணத்துக்குக் கட்டிக்க.”

“ஒரு காதுக்கு ஒரு பொடவயா? இன்னொரு காதயும் அறைஞ்சிட்டு ரெண்டாவது பொடவ குடுப்பீங்களா?”

“வாய் ரொம்ப நீளம்மா உனக்கு.”

“எனக்கு ஒண்ணும் வேணாங்க. இவரு செஞ்சது தப்புன்னு ஜட்ஜய்யா வாயால சொல்லணும். அது போதும்.”

பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: “பட்டறைக்காரங்க எல்லாம் நம்ம பேஷன்ட்டும்மா. கேஸ் வேணாம்.” மாட்டேன் என்றாள். அடுத்த மாதம் வேலை போயிற்று.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அன்றைக்குத் தரையில் ரத்தத்தைத் துடைத்த ஆஸ்பத்திரி ஆயா, அப்போது டீ வாங்கப் போயிருந்ததாகச் சொன்னாள். டாக்டர், தான் வந்தபோது அமைதியாக இருந்தது என்றார். வெற்றிச்செல்வன் தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கூண்டேறி, மயக்கத்தில் இருந்தேன் என்று கரகரத்தான். அந்தக் குரலாவது மிஞ்சியது யாரால்?

நான் ஒருத்தன்தான் சிங்கம் மாதிரி நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “என்ன படிச்சிருக்கீங்க?”

“மூணாவது.”

“ஆசிட்டுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியுமா?”

“ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க சார், தெரிஞ்சிக்கறேன்.”

கோர்ட்டே சிரித்தது. அதற்குப் பிறகு பட்டறைக்காரர் எவரும் என் வேனைக் கூப்பிடவில்லை. போகட்டும், அவர்கள் இல்லாமலே நான் இரண்டாவது வேன் வாங்கினேன்.

அதே வக்கீல் குணசுந்தரியிடம் கேட்டார்: “காது கேக்கலன்றீங்க. நான் கேக்கறதுக்கெல்லாம் டக்குடக்குனு பதில் சொல்றீங்களே?”

அதற்கும் சிரித்தார்கள். எனக்குச் சிரித்த அதே வாய்கள்தான். இன்றைக்கும் அது எனக்குச் செரிக்கவில்லை.

போதிய சாட்சியம் இல்லை என்று ஜெயவேலை விட்டுவிட்டார்கள். தப்பு என்ற அந்த ஒரு வார்த்தையை அவள் கடைசிவரை கேட்கவில்லை. கோர்ட் வாசலில் பட்டறைக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். கல்யாணத்துக்கு வெடிப்பதைப்போல.

கண்ணமங்கலத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். பல வருஷம் கழித்து, ஆஸ்பத்திரி ஆட்களை அடித்தால் ஜெயில் என்று சட்டம் வந்தது. சவாரிக்குப் போனபோது அந்த கிளினிக்கிலும் பலகை மாட்டியிருந்தார்கள். சிவப்பு எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்று சொன்னேன்.

“குணா, போர்டு பாத்தியா? இனிமே எவனும் உன்மேல கை வெக்க மாட்டான்.”

மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: “படிக்கத் தெரிஞ்சவன்தானேண்ணா என்னய அறைஞ்சான்.”

அதற்குள் வெளியே எவனோ, “ஏ நர்ஸு, எவ்ளோ நேரம்டி?” என்று கத்தினான். அவள் ஊசியை எடுத்துக்கொண்டு போனாள்.