தமிழ் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் மலையாள நர்ஸுகள் நிறையப் பேர். மராத்தி பேசுகிறவர்கள் அதைவிட அதிகம். புற்றுநோய் வார்டுகளில் தமிழ் பேசி வளர்ந்தவள் பல வருஷமாக நான் ஒருத்திதான். அதனால் எனக்கு இரண்டு வேலை. பெண்கள் வார்டில் மருந்து ஏற்றுவது, வாந்தி பிடிப்பது, புண் கழுவுவது என்று ஒரு வேலை. இன்னொரு வேலை எந்த டியூட்டி பட்டியலிலும் கிடையாது. ஏதாவது ஒரு மாடியிலிருந்து போன் வரும், தமிழ் சிஸ்டரைக் கொஞ்சம் அனுப்புங்கள் என்று. போனால் ஒரு டாக்டர் நின்றுகொண்டிருப்பார், ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். நல்ல செய்தி சொல்ல யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அதற்கு டாக்டரின் சிரிப்பே போதும்.

நான் பிறந்தது மும்பை தாராவியில். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நர்ஸிங் போனேன். வீட்டுத் தமிழில் சோறு கேட்கத் தெரியும், சண்டை போடத் தெரியும். இனி மருந்து வேலை செய்யாது என்று அதே தமிழில் எப்படிச் சொல்வது என்பது வேலைக்கு வந்த பிறகு பழகியது.

ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த ஒரு அக்காவுக்கும் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தாராவியில் ஒரு சட்டைக் கார்கானாவில் நூல் வெட்டுகிற வேலை. தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் பிசிறுகளை, தரையில் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் தாதர் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். ஒரே மகள், காலேஜ் போகிற பெண். அக்காவின் வயிறு உப்பிக்கொண்டே வந்திருக்கிறது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். இந்த வயதில் முழுகாமல் இருக்கிறாயா என்று கார்கானாவில் கேலி செய்திருக்கிறார்கள். மூச்சு விடவே கஷ்டமான பிறகு எங்களிடம் வந்தார். சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் அதற்குள் குடலின் மேல் சவ்விலும் ஈரலிலும் பரவிவிட்டிருந்தது.

முதல் தடவை மருந்து ஏற்ற நான்தான் ஊசி போட்டேன். என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது.

"ஏ பிள்ள, நீ நம்ம பக்கமா? ஒரே குத்துல எடுத்துருவியா?"

"பாக்கேன்க்கா. கைய லேசா விடுங்க. இறுக்கிப் பிடிச்சா நரம்பு ஓடி ஒளிஞ்சுக்கிடும்."

அவருடைய நரம்புகள் மெல்லியவை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, முன்கையில் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, பிறகு விரலால் தட்டித் தட்டித் தேட வேண்டும். அந்த நேரத்தில் அவர் எல்லாம் பேசுவார். கார்கானா சேட்டு, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, மகளுக்குத் தமிழ் வாசிக்க வராதது. முடி கொட்டியபோது அழுதார். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, இனி சீப்புக்கு வேலை இல்லை என்று சிரித்தார். மருந்தினால் விரல்நுனிகள் மரத்துப்போயின. "கத்தரியப் பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்லியே. வேலைக்குப் போகையில இது சரியாயிருமா?" என்று கேட்டார். நாளாகும் என்று சொன்னேன்.

டாக்டர் சொல்வதை எல்லாம் அவருக்கு மகள்தான் சொல்லிவந்தாள். அந்தப் பெண் இந்தி, இங்கிலீஷ் இரண்டும் நன்றாகப் பேசுவாள். அதனால் என்னைக் கூப்பிட அவசியம் வரவில்லை. நோயை அடியோடு எடுக்க முடியாது, கொஞ்ச காலம் கட்டுக்குள் வைக்கலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் முதல் நாளே மகளிடம் விளக்கியிருந்தார். அக்காவுக்கும் அது தெரியும் என்றுதான் நான் நினைத்தேன். தெரிந்தும் வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. யாரும் அவர்களைத் திருத்துவதில்லை.

சிகிச்சை தொடங்கி ஐந்தாவது மாதத்தில் வயிற்றில் மறுபடி நீர் கோத்தது. மருந்தை மாற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. வார்டில் படுத்திருந்தபோது ஒரு நாள் காலை டாக்டர் ரவுண்டு வந்தார். மகளுக்குப் பரீட்சை, வரவில்லை. அக்கா தனக்குத் தெரிந்த மார்க்கெட் இந்தியில், ஆபரேஷன் எப்போது என்று டாக்டரிடம் கேட்டார், "டாக்டர் சாப், ஆபரேஷன் கப்?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்த ஆபரேஷன்?

அக்காவிடம் கேட்டேன். கட்டி முழுக்கக் கரைந்ததும் சின்னதாக ஒரு ஆபரேஷன், அதோடு நோய் முடிந்தது என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். ஸ்கேனில் பாதி கரைந்துவிட்டது என்று ஒரு தடவை. புது மருந்து இன்னும் வீரியமானது, மிச்சத்தையும் கரைத்துவிடும் என்று இன்னொரு தடவை.

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். இன்னொரு மருந்து பாக்கி இருந்தது. பலன் குறைவு, படுத்தும் பாடு அதிகம். போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று அக்காதான் முடிவு செய்ய வேண்டும், விஷயமே தெரியாமல் எப்படி முடிவு செய்வார் என்றார். எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள் என்றும் சொன்னார். பொறுமையான மனுஷி அந்த டாக்டரம்மா. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, டாக்டர் கேக்காவ. ஒங்க நோயப் பத்தி எல்லாத்தையும் ஒங்கட்டயே சொல்லவா, இல்ல மகட்ட மட்டும் பேசிக்கிடவான்னு."

"ஒடம்பு என்னுதுதான? எங்கிட்டச் சொல்லு."

சொன்னேன். டாக்டர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். நோய் போகவில்லை. போகாது. ஆபரேஷன் கிடையாது. அக்கா டாக்டரைப் பார்க்கவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "என் பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். போர்வையை இழுத்து மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானச் சாப்பாடு அப்படியே திரும்பிப் போனது.

சாயங்காலம் மகள் வந்தாள். கொஞ்ச நேரத்தில் என்னைத் தேடிக்கொண்டு லிப்ட் பக்கம் வந்தாள். கையில் இன்னும் பரீட்சைக்குக் கொண்டுபோன பை.

"மம்மிட்ட ஏன் சொன்னீங்க? ஒங்கள யாரு கேட்டா?"

"அம்மாதான் கேட்டாங்க, மா."

"அவங்க கேப்பாங்க. என்கிட்டயும்தான் டெய்லி கேட்டாங்க. நான் சமாளிச்சேன்ல? ஏழு மாசமா ராத்திரி நல்லாத் தூங்குனாங்க. இனிமே தூங்குவாங்களா? சொல்லுங்க."

அவள் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். டாக்டர் சொல்லச் சொன்னார் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அக்கா அதைக் கேட்டது என் குரலில்.

மறுநாள் நான் ஊசித் தட்டோடு போனபோது அக்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இந்திக்காரப் பிள்ளைய வரச் சொல்லு."

"நானே போடுதேன்க்கா. ஒங்க நரம்பு எனக்குத்தான் தெரியும்."

"வேண்டாம். நீ பக்கத்துல வந்தாலே எனக்கு நெஞ்சு அடிக்கி."

மராத்தி நர்ஸ் வந்தாள். நல்ல கைக்காரிதான். இருந்தும் முதல் குத்து தவறியது, அடுத்ததும் தவறியது. நான் பக்கத்துக் கட்டிலில் டிரிப் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தார், என்னைக் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். வாய்ப்புண்ணுக்கு சோடா உப்புத் தண்ணீர் கலந்து வைத்தால், நான் நகர்ந்த பிறகுதான் எடுத்துக் கொப்பளிப்பார். மொழி தெரியாத பெண்களிடம் சைகையில் பெட்பேன் கேட்டார். நான் வேறு வார்டுக்கு மாற்றல் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். கேட்கவில்லை. வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்காரருக்கும் அப்போது முழு விவரம் தெரியாது. மகள் அவரிடமும் மறைத்திருந்தாள், அக்காவும் வாயைத் திறக்கவில்லை. பாக்கி இருந்த மருந்தைப் போட அவர் அவசரப்பட்டார். ஒரு பகல் பார்வையாளர் நேரத்தில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்துகொண்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா திடீரென்று கை தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, இங்கன வா. இவியட்டச் சொல்லு."

"என்னக்கா சொல்லணும்?"

"இனிம எனக்கு ஊசி வேண்டாம். வீட்டுக்குப் போறேன். ஏன் வேண்டாம்னு, அன்னைக்கு எங்கிட்டச் சொன்னியே, அப்படியே சொல்லு. நான் சொன்னா அழுவாவ. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. ஒனக்கு இதெல்லாம் பழக்கந்தான?"

குத்திச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. உள்ளதைச் சொன்ன மாதிரிதான் இருந்தது. நான் அவர் வீட்டுக்காரரை வெளியே பெஞ்சுக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். மூட்டை சுமந்து தோள் ஒரு பக்கம் சரிந்த மனிதர். சத்தமில்லாமல் அழுதார். பிறகு, "அவளுக்கு இது தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"அக்காதான் ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாவ."

அவர் உள்ளே போய் டிபன் டப்பாவைத் திறந்து, சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஊட்டினார். அக்கா இரண்டு வாய் வாங்கினார். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆண்டாப் ஹில்லில் அவர்கள் வீடு மாடியில். செங்குத்தான இரும்பு ஏணி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். அதன் பிறகு அவர் உயிரோடு கீழே இறங்கவில்லை. வீடு தேடி வரும் டாக்டரும் நர்ஸும் வாரத்துக்கு ஒரு தடவை போனார்கள். எனக்குத் தாராவியிலிருந்து பஸ் வசதி என்பதால் லீவு நாட்களில் நானும் போனேன். வராதே என்று அக்கா சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

முதுகெலும்பின் அடியில் படுக்கைப்புண் வந்து குழிந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் கழுவி, கிருமி கொல்லும் மாத்திரையைப் பொடித்துப் புண்ணுக்குள் தூவினால் நாற்றம் கொஞ்சம் மட்டுப்படும். மகளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தேன். புரட்டிப் படுக்க வைப்பது, விரலில் துணி சுற்றி வாய்க்குள் துடைப்பது, வலிக்கான மார்ஃபின் மாத்திரையை அளவு கூடாமல், நேரம் தவறாமல் கொடுப்பது. அவள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் மகள் கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அக்கா பேசினார். குரல் சன்னமாகிவிட்டிருந்தது.

"எனக்கு ஒம்மேல கோவம் போயிட்டுன்னு நெனைக்காத."

"நெனைக்கலக்கா."

"தெரியாம இருந்த நாளுல சோறு ருசியா இருந்துச்சு. அவ பொய்யி சொல்லுதான்னு எனக்கு லேசாத் தெரியும். கேட்டுக்கிட்டு இருந்தேன், நல்லா இருந்துச்சு. நான் அன்னைக்கு டாக்டரம்மாட்ட ஏன் கேட்டேன்னே எனக்குத் தெரியல."

நான் புண்ணைக் கட்டி முடித்தேன். அவரை மெதுவாக மறுபக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்றார். அடுத்த மாத்திரைக்கு இன்னும் நேரம் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, முன்கூட்டியே கொடுத்தேன்.

அவர் இறந்தது ஒரு வேலைநாள் பகலில். நான் டியூட்டியில் இருந்தேன். மகளிடமிருந்து போன் வந்தது. பதற்றத்தில் முழுக்க இந்தியில் பேசினாள். அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார், கூப்பிட்டாயிற்று, வந்துகொண்டிருக்கிறார், அம்மாவின் மூச்சு நின்று நின்று வருகிறது, தொண்டையில் சத்தம் கேட்கிறது, என்ன செய்ய? ஒருக்களித்துப் படுக்க வை, தலையை உயர்த்து, தண்ணீர் கொடுக்காதே, கையைப் பிடித்துக்கொண்டு பேசு என்றேன்.

"என்ன பேச?"

"எதுனாலும் பேசு. காது கேக்கும்."

போனைத் தரையில் வைத்துவிட்டாள் போல. அவள் குரல் தள்ளிக் கேட்டது. தமிழில் பேசினாள். "மம்மி, இன்னைக்குத் தண்ணி லேட்டு. ரெண்டு கொடம்தான் கெடச்சுது. கீழ அந்த ஆண்ட்டி சண்ட போட்டுச்சு. நான் ஒண்ணும் பேசல, வந்துட்டேன்." பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு அடுத்த கட்டிலில் மருந்து ஏறி முடிந்து மணி அடித்தது. போய் நிறுத்திவிட்டு வந்து போனைக் காதில் வைத்தபோது அவள் பேச்சு நின்றிருந்தது. ஏணியில் யாரோ ஏறி ஓடி வரும் சத்தம் கேட்டது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வீடு கழுவி விட்டிருந்தது. மகள் மட்டும் இருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தாள், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. உள்ளே போய், மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து நீட்டினாள்.

"இத வீட்ல வெச்சிருக்க பயமா இருக்கு. எடுத்துட்டுப் போயிருங்க."

வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள், கோபமில்லாமல்தான்.

"இனிமே வராதீங்க ஆண்ட்டி. ஒங்களப் பாத்தா பப்பா அழுவுறாரு."

சரி என்றேன். இரும்பு ஏணியில் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். பஸ்ஸில் கூட்டம். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வீடு வந்தேன். மறுநாள் காலை கவரை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.