சீரியலில் திரும்பி வந்தவன்

நேற்று சீரியலில், தீயில் கருகிச் செத்துப்போனவன் வாசலில் வந்து நின்றான். என் மகள் ரிமோட்டைத் தூக்கிப் போட்டாள். “லாஜிக்கே இல்லப்பா!”

மர்பி டவுனில் எனக்குப் பத்து வயதிருக்கும்போதும் ஒரு சீரியலில் இப்படித்தான் ஒருவன் திரும்பி வந்தான். பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டியின் ஹாலில், வறுத்த கடலை வாசனைக்கு நடுவே தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

“செத்தவன் எப்டிம்மா வருவான்? நம்மள லூசுன்னு நெனச்சுட்டானுங்களா?” என்று ஆன்ட்டி கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா மட்டும் கேட்டாள். “மொகத்த யாராச்சும் பாத்தாங்களாக்கா?”

சிரிப்பு நின்றுவிட்டது. துபாயில் விபத்தில் இறந்த என் அப்பா, ஆணியடித்த பெட்டியில்தான் வந்திருந்தார். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அம்மா மெழுகுவத்தி ஏற்ற வரவில்லை. பிறகு சீரியலில், வந்தவன் அவனில்லை, அவன் சாயலில் வேறொருவன் என்று கதையை மாற்றினார்கள். அம்மா சீரியல் பார்ப்பதை விட்டாள். ஆனாலும் அப்பாவின் கல்லறைக்குக் கடைசிவரை வரவேயில்லை.

இதையெல்லாம் மகளிடம் நான் சொன்னதில்லை. போன வருடம் அம்மாவைப் புதைக்க வேறு இடமில்லாமல் அப்பாவின் குழியையே திறந்தார்கள். எலும்புகளை எடுத்து ஓரமாக வைத்தார்கள். குனிந்து பார்த்தேன். யாரென்று தெரியவில்லை.