கடைசி ஆள் ஏறும்வரை

கீழ்த்தெருவுக்கும் மேல்தெருவுக்கும் நடுவே ஒரு சந்து. குப்பை யார் கொட்டியது என்று தொடங்கிய சண்டை முற்றி, சந்தின் குறுக்கே சுவர் எழுப்புவதென்று மேல்தெரு முடிவு கட்டிவிட்டது. செங்கல்லும் வந்து இறங்கியாயிற்று. சந்தின் கீழ்த்தெரு முனையில் கடை வைத்திருந்த தையல்கார அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அந்தச் செங்கல்லைப் பார்த்தாள். கூடப்பிறந்த தங்கை மேல்தெருவில், நிறைமாதம். சுவர் வந்தால் அவளைப் பார்க்க அரை மணி நேரம் சுற்ற வேண்டும்.

"ரெண்டு தெருவும் மதிக்கிற ஒரு பெரிய மனுஷன் வந்து சொல்லட்டும், நிறுத்துறோம்" என்றார்கள் மேல்தெருக்காரர்கள், கேட்கப் போன அக்காவிடம்.

அக்கா வெட்டுத்துணியில் சுண்ணக்கட்டியால் பட்டியல் போட்டாள். கவுன்சிலர் என்றதும் கீழ்த்தெரு சிரித்தது. டாக்டர் என்றதும் மேல்தெரு மூக்கைச் சுளித்தது. தலைமையாசிரியரை இரண்டு தெருவும் சேர்ந்தே வேண்டாம் என்றன. அந்த ஒன்றில்தான் ஒற்றுமை. பெரிய மனிதர்கள் இல்லாமலில்லை. சுவரொட்டியில் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள், மழை வரும்வரை.

"ஏன்டி, நம்ம இரு-இருவைக் கேட்டா என்ன?" என்றாள் கடையில் சட்டைக்குக் காஜா எடுக்கும் சித்தி.

இரு-இரு முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேடை ஏறியதில்லை. கண்டக்டர் விசில் ஊதினாலும் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "இரு, இரு, ஒரு ஆள் ஓடி வருது" என்பார். அவ்வளவுதான் அவர் சரித்திரம். ஆனால் அந்தப் பேருக்கு இரண்டு தெருவிலும் ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியில் ஒரு நாளாவது ஓடி வராதவர் யார்?

ஞாயிறு காலை வந்தார். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"மெக்கானிக் மட்டும் வரலண்ணே. வரமாட்டானாம். சுவரே அவன் யோசனைதான்."

"அப்போ இரு, இரு."

இருந்தார்கள். அரை மணி. முக்கால் மணி. கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார். வெயில் ஏறியது, கீழ்த்தெரு குடை விரித்தது, மேல்தெரு வெட்கமில்லாமல் அதன் அடியில் நுழைந்தது. அக்கா தலைகளை எண்ணினாள். வாய் சும்மா இருக்காத அறுபது பேர், ஒரு மனிதர் சும்மா இருக்கிறார் என்பதற்காகச் சும்மா இருக்கிறார்களே!

மெக்கானிக் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தான். உள்ளே போனான். மறுபடி எட்டிப் பார்த்தான். அப்புறம் கிரீஸ் கையோடு ஒரே ஓட்டம், பள்ளிக்கூடப் பையனாகப் பரீட்சை நாளில் இவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்த அதே ஓட்டம்.

"இன்னும் கிளம்பலியாண்ணே?" மூச்சு வாங்கியது.

"நீ ஏறலியே."

மெக்கானிக் தரையைப் பார்த்தான், செங்கல்லைப் பார்த்தான். "பட்டறைக்குப் பின்னாடி செவுரு இடிஞ்சு கெடக்கு. இத அங்க போட்டுக்கறேன்" என்று முனகினான்.

கூட்டம் கலைந்தது. இரு-இரு மட்டும் சந்து வாயில் திரும்பி நின்றார்.

"என்னண்ணே?" என்றாள் அக்கா.

"ஒரு ஆள் வருது."

இடுப்பில் கை ஊன்றி, மெதுவாக, சந்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள் தங்கை. அவள் வந்து சேரும்வரை அவர் நகரவில்லை.