கடலுக்குப் போன புதன்கிழமை

மாரி காலத்தில் எங்கள் கடற்கரையைப் பார்க்க வருகிறவன் ஒன்று பைத்தியக்காரனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் வழி தவறியவனாக இருக்கவேண்டும். கல்முனைப் பக்கத்தில் ஐப்பசி பிறந்ததும் கடல் கரைக்கு ஏறிவிடும். கரைவலைத் தோணிகளைத் தென்னைகளுக்குள் இழுத்துக் கவிழ்த்துவிட்டு ஆண்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிறகு தை வரைக்கும் மழை, ஈர விறகு, புகை, கருவாடு, மறுபடியும் மழை. துவைத்த உடுப்பு உடம்பில்தான் காயவேண்டும். சண்டை பிடிக்கக்கூட யாருக்கும் தெம்பிருக்காது.

அந்தச் சலித்துப்போன மாதங்களில் பெண்களுக்கென்று ஒரே ஒரு பயணம் இருந்தது. சபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை ஒடுக்கத்துப் புதன் என்போம். சபரில்தான் பலாமுசீபத்து என்கிற துன்பங்கள் இறங்கும் என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் புதனன்று பள்ளிவாசல் லெப்பை மாவிலையில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதித் தருவார். அதைக் கழுவிக் குடித்துவிட்டுக் கடலில் தலை முழுகினால் வந்த துன்பமும் வரவிருக்கும் துன்பமும் தண்ணீரோடு போய்விடும். பிறைக் கணக்கில் வருகிற நாள் என்பதால் அது ஆண்டுக்காண்டு நகரும். ஐம்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு எட்டோ ஒன்பதோ வயதாக இருந்தபோது, அது சரியாக மாரிக்குள் வந்து விழுந்திருந்தது.

எனக்குப் பின்னால் பிறந்த தம்பிமார் இருவரும் நாற்பது நாள் கழிய முன்னமே மௌத்தாகிவிட்டார்கள். இரண்டு முறையும் அதற்கு முந்திய ஒடுக்கத்துப் புதனுக்குத் தான் கடலுக்குப் போகவில்லை என்பது உம்மாவின் கணக்கு. இப்போது மறுபடியும் அவர் வயிற்றில் பிள்ளை இருந்தது. இந்தத் தடவை வானம் இடிந்து விழுந்தாலும் முழுகியே தீருவது என்று இருந்தார்.

வாப்பாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. “நாளும் பொழுதும் கடலுக்குள்ள முங்கி எழும்புறவன் நான். என்ட முசீபத்து எங்க போச்சி?” என்று கேட்பார். இரண்டாவது தம்பியைக் கையில் ஏந்திக்கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தபின் அந்தக் கேலியும் நின்றுபோயிற்று. தோணி கரையேறியதும் மற்ற ஆண்கள் வயல் வேலைக்குப் போனார்கள். வாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பாயில் கிடந்தார். சாப்பாட்டுக்கு எழும்புவார், தொழுகைக்கு எழும்புவார், மறுபடியும் சுவர்.

சபர் இருபத்தொன்பது நாளோடு முடிந்தால் முந்தின புதனே கடைசிப் புதனாகிவிடலாம் என்று கெட்டிக்காரிகள் சிலர் கொட்டும் மழையிலும் போய் முழுகிவிட்டு வந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் இடுப்பளவு வெள்ளம் நின்றதால் உம்மாவால் வாசல் படலையைத் தாண்ட முடியவில்லை. லெப்பை ஆறுதல் சொன்னார். செவ்வாய் மாலை பிறை தென்படாவிட்டால் சபர் முப்பதாகப் பூர்த்தியாகும், அடுத்த புதனே ஒடுக்கத்துப் புதன். பிறை தென்பட்டால் அந்தப் புதன் அடுத்த மாதத்தின் முதல் நாளாகிவிடும், முழுகிப் பயனில்லை.

பிறை தெரியவேண்டும் என்று கையேந்துகிற ஊரில், அது தெரியக்கூடாது என்று கையேந்தியவர் என் உம்மா ஒருவராகத்தான் இருப்பார். செவ்வாய் மாலை வளவில் நின்று மேற்கே வயல் பக்கத்து வானத்தைப் பார்த்தார். சட்டிக் கரியைப்போல அப்பிக் கிடந்தது. கருமேகத்தைப் பார்த்து ஒரு மனிசி அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

புதன் காலை மஞ்சள் சோறு ஆக்கி, முட்டை பொரித்து, வாழையிலையில் கட்டியாயிற்று. உம்மாவின் தம்பியான மாமா மாட்டுக் கரத்தையோடு வந்துவிட்டார். பள்ளிவாசலுக்குப் போன வாப்பாவைத்தான் நெடுநேரம் காணவில்லை. மாமாவுக்கு வெற்றிலை கொண்டுபோய்க் கொடுக்க நான் படலைக்குப் போனபோது, வாப்பா வந்து கரத்தைக்குப் பின்னால் நின்று அவரோடு மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

“பேருவளையில பிறை கண்டிருக்காங்க. பள்ளிக்குத் தந்தி வந்திரிச்சி.”

“அப்ப இண்டைக்கு ஒடுக்கத்துப் புதன் இல்லயே மச்சான்.”

“எனக்குத் தெரியாதா? நீ வாயப் பொத்திக்கிட்டு மாட்டப் பூட்டு.”

மார்க்க விசயத்தில் பொய் சொன்னால் நரகம் என்று லெப்பை ஓதிக் கொடுத்திருந்தார். என்னுடைய வாப்பாவும் மாமாவும் ஒரே கரத்தையில் ஏறி அங்கே போகப்போகிறார்கள். மஞ்சள் சோற்றுக்கு ஆசைப்பட்டுத்தான் இந்த வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். கோபத்தில் வழி முழுக்க வாப்பாவோடு நான் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கடற்கரையில் ஒரு காக்கை குருவி இல்லை. ஒடுக்கத்துப் புதன் என்றால் பெண்களும் பிள்ளைகளுமாகக் கரை கொள்ளாமல் இருக்கும். உம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“என்ன ஒருத்தரையும் காணல்ல?”

“மழைக்குப் பயந்திருப்பாங்க” என்றார் வாப்பா.

உம்மா கொண்டுவந்த மாவிலைத் தண்ணீரைக் குடித்தார், எனக்கும் ஒரு மிடறு தந்தார். கசந்தது. வாப்பா சாறனை மடித்துக் கட்டி, வலைக் கயிற்றை இடுப்பில் சுற்றி, மறுமுனையை மாமாவிடம் கொடுத்தார். பிறகு உம்மாவின் கையைப் பிடித்தார். பகல் வெளிச்சத்தில் அவர் உம்மாவின் கையைப் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் முழங்கால் தண்ணீருக்கு இறங்கினார்கள். ஒவ்வொரு அலைக்கும் வாப்பா முன்னால் போய் நின்று முதுகைக் கொடுத்தார். அலை உடைந்து அடங்கிய தண்ணீரை வாளியில் அள்ளி உம்மாவின் தலையில் ஊற்றினார். குளிரில் வாப்பாவின் பல் கிட்டுவது கரைக்குத் தெரிந்தது. உம்மா போதும் என்று தலையாட்டியபின்னும், “இன்னும் ஒண்டு, புள்ள” என்று ஊற்றினார்.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் சோறு கஞ்சியாகிவிட்டது. மாமா மட்டும் அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

அன்று பொழுது சாய முன்னம் அடுப்படியில் உம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலிலிருந்து நபி புகழான மௌலூது ஓதும் சத்தம் கேட்டது. சபர் முடிந்து புதுமாதம் பிறந்தால்தான் அதை ஓதத் தொடங்குவார்கள். உம்மாவுக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கை நிற்கவில்லை.

“என்னகா முழிக்கிறாய்? காலத்தாலயே பக்கத்து வீட்டுச் சாச்சி வேலிக்குள்ளால வந்து சொல்லிட்டா, பிறை கண்டாச்சி எண்டு.”

“அப்ப ஏன் உம்மா போன?”

“பள்ளிக்குப் போய் வந்த மனிசனுக்கு அது தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் வந்து வெளிக்கிடு எண்டாரே. எத்தின நாளாச் சுவரப் பாத்துக் கிடந்தவர். எழும்பி வந்து நிக்கக்குள்ள நான் வரல்ல எண்டு சொல்ற எப்படி?” கொஞ்ச நேரம் துவட்டிவிட்டு, “எனக்குத் தெரியுமெண்டு வாப்பாக்கிட்டக் கதைச்சிராத. பாவம், குளிர்ல நிண்டு அவ்வளவு தண்ணி அள்ளினவர்” என்றார்.

மாசியில் தம்பி பிறந்தான். பங்குனி முடிய முன்னம் அவனும் போய்விட்டான்.

அடக்கிவிட்டு வந்த வாப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவவில்லை.

“மகள், அண்டைக்குக் கரத்தையடியில நானும் மாமாவும் கதைச்சது உனக்குக் கேட்டதுதானே?”

“ஓம் வாப்பா.”

“உம்மாக்கிட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லிராத. நாள் தப்பிப்போய் முழுக வச்சவன் நான்தான் எண்டு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா.”

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். உம்மாவும் ஒன்றைச் சொல்லாதே என்றிருந்தார், இப்போது வாப்பாவும் சொல்லாதே என்கிறார். பெரியவர்கள் இரண்டு பேர் என்னை நம்பியிருக்கிறார்கள் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சித்திரையில் கடல் தணிந்து, தோணிகளை இறக்கிக் கரைவலை தொடங்கினார்கள். மாமா காலையில் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். வாப்பா பாயை விட்டு அசையவில்லை.

“வலையும் தொடங்கியாச்சி. உங்கட வாப்பா ஏன் மகள் எழும்புறார் இல்ல?” என்று உம்மா என்னிடம் கேட்டார். அலுத்துப்போன குரல். யாரிடமாவது கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்டதுபோல் இருந்தது.

தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.