சைகோன் மீனும் நான் செய்த பெரிய தொட்டியும்

கண்ணாடித் தொட்டி செய்கிறவனுக்குத் தண்ணீரும் வம்பு, வாடிக்கைக்காரரும் வம்பு. தண்ணீராவது வாய் திறந்து பேசாது. வீடு வீடாகப் போய் வேலை செய்து அலுத்தவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு, அவ்வப்போது ஒரு மீன் தொட்டியும் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். முசியே அந்துவான் சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம் முடிந்து, ஊறுகாய் ஜாடியில் ஒரு சிவப்பு மீனோடு கப்பலில் வந்து இறங்கினார்; நிம்மதி போயிற்று. அங்கே தனியாக இருந்த காலமெல்லாம் அவருக்குத் துணை அந்த மீன்தான். வந்ததும் ஒரு சின்னத் தொட்டி செய்து கொடுத்தேன். அதில் திரும்பக்கூட இடமில்லை என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. கூடத்துச் சுவர் நீளத்துக்கு ஒன்று கேட்டார். அதற்கு அவர் கொடுத்த அச்சாரம் இது:

"மீனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, தொட்டிய உங்க தலையிலயே கவுத்துடுவேன் பாய்."

முதல் ஒழுகல்

இரும்புச் சட்டத்தில் மக்கு என்கிற எண்ணெய்ப் பசையை அப்பிக் கண்ணாடி பதித்த தொட்டி முதலில் ஒழுகத்தான் செய்யும். தண்ணீரின் கனம் கண்ணாடியை மக்கில் அழுத்த அழுத்த நின்றுவிடும். "ரெண்டு நாள் வுடுங்க, தானா சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இதுவரை ஒருவரும் நம்பியதில்லை. முசியேவின் மனைவி மதாம் ரோசலி கூடத்தில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தார். முசியே ஈரச் செருப்போடு நின்று என்னையே பார்த்தார்.

"பாய், நான் தொட்டி கேட்டேன், வடிகட்டி கேக்கலயே."

அழுக்குத் தண்ணீர்

ஒழுகல் நின்றது. அதற்கு யாரும் பாராட்டவில்லை. மீனுக்குப் பழகிய பழைய தொட்டித் தண்ணீரையும் சேர்த்து ஊற்றித்தான் மீனை விட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சமையல்காரர் சவரி, புதுத் தொட்டிக்குப் பாசித் தண்ணீரா என்று அதைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீரில் மீனை விட்டுவிட்டார். நான் போனபோது அது மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் நான் முன்பு தொட்டி செய்து கொடுத்த டாக்டர் வீட்டுக்கு ஓடி, பாசித் தண்ணீர் ஒரு குடம் கேட்டேன். டாக்டரின் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொட்டி கழுவ ஆள் வரலன்னு ஒரு மாசமா அழுவுறேன். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க பாய்."

மூலை

அந்தத் தண்ணீரைப் பழைய தொட்டியில் ஊற்றி மீனை மாற்றினோம், பிழைத்துக்கொண்டது. தினமும் செம்பு செம்பாகப் புதுத் தண்ணீரைக் கலந்து பழக்கி, கடைசியில் பெரிய தொட்டியில் விட்டோம். அது ஒரு மூலையில், பழைய தொட்டி அளவு இடத்துக்குள்ளேயே சுற்றியது. தொட்டியில்தான் கோளாறு என்று முசியே தினமும் எனக்கு ஆள் அனுப்பினார். எனக்கும் பயம் வந்துவிட்டது. கழற்றிச் சின்னதாகவே செய்து தருகிறேன் என்று மதாமிடம் சொல்லியும் விட்டேன். அவர் வாசல் பக்கம் கை காட்டினார். கதவோரம், ஒற்றை நாற்காலியில் முசியே உட்கார்ந்திருந்தார்.

"இவரும் அப்படித்தான் பாய். சைகோன்ல ஒரே ரூம்ல இருந்தவரு, வந்ததுலேருந்து இம்மாம் பெரிய வூட்ல அந்த மூலைய வுட்டு நவுரல. இப்பத்தான் சாப்பாட்டு மேசை வரைக்கும் வர்றாரு. ரெண்டு நாள் வுடுங்க, தானா சரியாயிடும்."

ஊரெல்லாம் நான் சொல்லி ஒருவரும் நம்பாத அந்த வார்த்தையை, அன்றைக்கு மதாம் சொல்ல, வேறு வழியில்லாமல் நான் நம்பினேன்.