கோட்டுக்கு வெளியே நின்ற அந்தோனிதாசன்

மன்னாரிலிருந்து பதின்மூன்று வயதில் டென்மார்க்குக்கு வந்த அந்தோனிதாசன், இரண்டு மீற்றர் நான்கு சென்ரிமீற்றர் வரை வளர்ந்தான். அங்கே யூலாந்துப் பகுதியில் ஒரு சிறிய தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் அவனை எடுத்துக்கொண்டது. பதினொரு வருடமாக அவனுக்கு ஒரே வேலைதான்: கூடைக்கு அடியில் எதிராளிக்கு முதுகைக் கொடுத்து, தோளால் இடித்து இடம்பிடித்து, பந்தை வாங்கித் திரும்பிப் போடுவது.

2009 தையில் புதிய பயிற்றுநர் வந்தார்.

“நீ அடியில் நின்றால் மற்றவர்கள் உள்ளே ஓட வழியில்லை. உயரமானவர்களும் இனித் தூரத்திலிருந்து எறிய வேண்டும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போ” என்றார்.

முப்பத்திரண்டு வயதில் எறியப் பழகினான். தினமும் காலையில் முந்நூறு தடவை. பத்தில் இரண்டு விழுந்தால் பெரிய காரியம். எறியும்போதும் கண், ஓரத்து வாங்குப் பலகையில் கிடந்த கைத்தொலைபேசியில்தான் இருந்தது. தங்கை புஷ்பராணியும் புருஷன் தேவராசாவும் வன்னியில், போருக்கு நடுவே கடற்கரையோரம் அடைபட்டுக் கிடந்தார்கள். யாருடையதோ செய்மதித் தொலைபேசியில் எப்போதாவது எடுப்பாள்.

“அண்ணா, பங்கருக்குள்ள தண்ணி நிக்குது” என்றாள் ஒருநாள். “பிள்ளையள் இல்லாதது நல்லதெண்டு நினைக்கிறன்.” அத்தோடு தொடர்பு அறுந்தது.

ஆட்ட நாட்களில் தொலைபேசியை மனைவி அஜந்தினி வைத்திருப்பாள். பங்குனிக் கடைசி ஞாயிறு, காலிறுதி ஆட்டத்தன்று, முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. தொலைபேசி உடைமாற்றும் அறையில் கிடந்தது.

கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்னால். கோட்டுக்கு வெளியே மூலையில் நின்றவனிடம் பந்து வந்தது. அங்கிருந்து போட்டால் மூன்று புள்ளி, வெற்றி. இவனால் எறிய முடியாதென்று தெரிந்து எதிரணி அவனைத் தனியே விட்டிருந்தது. கை எழவில்லை. பழைய பழக்கத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்தான். அங்கே காத்திருந்த இருவர் பந்தைப் பறித்தார்கள். ஆட்டம் போயிற்று.

“அடுத்த வருடம் உனக்கு இங்கே இடமில்லை” என்று பயிற்றுநர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. தொலைபேசியில், எடுக்காமல் போன ஒரு நீண்ட இலக்கம். திரும்பத் திரும்ப அடித்தான். மறுமுனையில் மணியே கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

வைகாசியில் போர் முடிந்தது. ஆனியில் அகதி முகாமிலிருந்து தேவராசா எடுத்தான்.

“அண்டைக்கு எடுத்தது அவளோ?”

“ஓம் அண்ணை. ரெண்டு மணித்தியாலம் வரிசையில நிண்டவள். நீங்கள் எடுக்கேல்லையெண்டு கோவிக்கேல்லை. அண்ணாவுக்கு மாட்ச் இருக்கும் எண்டு சொன்னவள்.”

“பிறகு?”

“நாலாம் நாள் செல் விழுந்து வெடிச்சது, அண்ணை.”

ஆவணியில் ஓகூஸ் நகரத்தில் ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குச் சேர்ந்தான். சேருமுன் தங்கைக்காகத் தேவாலயத்தில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார்கள். முழங்காலிட அவனால் முடியவில்லை. பதினொரு வருடம் இடிபட்டதில் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோயிருந்தன. எல்லோரும் மண்டியிட்டிருக்க, அவன் மட்டும் நின்றபடி, மறைக்க இடமில்லாத அந்த உயரத்தில், வாய்விட்டு அழுதான்.