சுதா டெக்ஸ்

எங்கள் புதிய பனியன் யூனிட்டுக்குப் பெயர்ப்பலகை எழுத வந்த பெயின்டர், என் மகளைப் பார்த்து, "பாப்பா பேரோட டெக்ஸ் சேத்துரலாங்களா?" என்று கேட்டார். பெயின்ட் வாசனையில் என் சின்ன வயசு ஊரான மண்ணரை மிதந்து வந்தது. வெயிலில் பஞ்சுத்தூசி பறக்க, அப்பா என் பெயரில் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டெக்ஸ்னா என்னங்கப்பா?"

"டெக்ஸ்டைல்ஸைச் சுருக்குனது கண்ணு. லத்தீன்ல நெய்யறதுன்னு அர்த்தமாமா. நம்மூர்ல புள்ளைக பேருக்கு வாலு மாதிரி ஒட்டிக்கிச்சு."

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் அந்த யூனிட்டை மூடினோம். "சுதா டெக்ஸ் மூடியாச்சாமா!" என்று பள்ளியில் சிரித்தார்கள். என் பெயருக்குத்தான் ராசியில்லை என்று வெகுநாள் நம்பினேன்.

இவளுக்கும் அப்படி ஆகிவிட்டால்? மகள் என் விரலைப் பிடித்து நின்றாள்.

"பாப்பா பேரு வேண்டாங்க. சுதா டெக்ஸ்னே எழுதுங்க," என்றேன். "அந்தப் பேரு ஒருக்கா மூடுனதைத் தாங்கிக்கிச்சுங்க."